சொந்தப் பணத்துக்குக் கூலி இல்லை, கடன் பணத்துக்கு உண்டு: நிதி அமைச்சகத்துக்கும் ரிசர்வ் வங்கிக்கும் ஒரு திறந்த மடல்

மத்திய நிதி அமைச்சகத்தின் நிதிச் சேவைகள் துறைக்கும் இந்திய ரிசர்வ் வங்கியின் ஃபின்டெக் (நிதித் தொழில்நுட்பம்) துறைக்கும் வணக்கம்.

இரு அலுவலகங்களுக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன். பணம் அனுப்புவதற்கு என்ன விலை என்பதை அமைச்சகம் முடிவு செய்கிறது. அந்தத் தொழிலுக்குள் யார் வரலாம் என்பதை ரிசர்வ் வங்கி முடிவு செய்கிறது. தனித்தனியே எடுத்துப் பார்த்தால் இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது. இரண்டும் ஒரே தலையில் வந்து விழும்போது என்ன ஆகிறது என்பதை உங்கள் இருவரிடமும் ஒன்றாகச் சொன்னவர்கள் அதிகம் இல்லை போலும். ஆகவே நான் சொல்கிறேன். இந்தியாவில் சிறிய ஊரிலிருந்து ஃபின்டெக் நிறுவனம் தொடங்குகிறவர், என்ன நோக்கத்தோடு தொடங்கினாலும், சில ஆண்டுகளில் கடன் விற்கிறவராக மாறிவிடுகிறார். மாற மறுப்பவர் நிறுவனத்தை இழுத்து மூடுகிறார். இதற்குத் தொழில்முனைவோரின் பேராசை மட்டும் காரணம் இல்லை. உங்கள் விதிகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் விடை அப்படித்தான் வருகிறது.

நான் மதுரை கீழமாசி வீதியின் மொத்தப் பலசரக்கு வியாபாரிகளுக்கு வசூல் கணக்குக்கான மென்பொருள் செய்து தருகிறேன். சின்ன நிறுவனம். என்ன வேலை என்று புரிய, கடை கட்டும் நேரத்தில் கணக்குப்பிள்ளையின் மேசையைப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் அன்று கடனுக்குப் போன சரக்கின் பில்கள், இன்னொரு பக்கம் பாக்கிப் பேரேடு, நடுவில் முதலாளியின் கைப்பேசி. உசிலம்பட்டியில் கடை வைத்திருப்பவர் 18,400 ரூபாய் பாக்கியில் 7,000 ரூபாய் அனுப்பியிருப்பார். ஆனால் அது அவருடைய மனைவியின் எண்ணிலிருந்து வந்திருக்கும். மனைவியின் பெயர் பேரேட்டில் கிடையாது. 7,000 என்கிற தொகையும் எந்தப் பில்லோடும் பொருந்தாது. அதே மாலையில் அதே பெயருடைய இன்னொரு பெண்மணி திருமங்கலத்திலிருந்து 3,250 ரூபாய் போட்டிருப்பார். ரொக்கமாக வாங்கிய காலத்தில், வசூலுக்கு லைனில் போன பையன் ரசீதில் கடைப் பெயரை எழுதிக்கொண்டு வந்துவிடுவான். இப்போது பணம் நொடியில் வந்துவிடுகிறது, யாருடைய பணம் என்று கண்டுபிடிக்கத்தான் இரவு பத்து மணி ஆகிறது. ஆள் மாற்றி வரவு வைத்துவிட்டால், மறுநாள் பல வருட வாடிக்கையாளரிடம் இல்லாத பாக்கியைக் கேட்க நேரும். மொத்த வியாபாரத்தில் அதைவிடத் தலைகுனிவு வேறு இல்லை.

இந்த முடிச்சை அவிழ்த்துத் தருவதுதான் எங்கள் தொழில். ஒரு வரவுக்குச் சில காசுகள் கிடைத்தால்கூட நிறுவனம் ஓடிவிடும். வியாபாரிகளிடம் கேட்டுப் பார்த்தால் வருகிற பதில் ஒன்றுதான்: “பணம் அனுப்புவதே இலவசம். அதைக் கணக்கில் ஏற்றுவதற்குக் காசா, தம்பி?” அண்ணாச்சி மீது எனக்குக் கோபம் இல்லை. ஒரு பொருளின் விலை பூஜ்யம் என்று அரசே எழுதிவைத்தபிறகு, அதைச் சுற்றி வேலை செய்கிறவனின் உழைப்புக்கும் விலை பூஜ்யம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

யுபிஐயைக் குறை சொல்வது என் எண்ணம் அல்ல. 2016இல் தொடங்கிய அந்த அமைப்பு 2023 ஆகஸ்டில் முதன்முறையாக ஒரே மாதத்தில் 1,000 கோடிப் பரிவர்த்தனைகளைக் கடந்தது. 2025 ஆகஸ்டில் அது 2,000 கோடியைத் தாண்டியது. வேறு எந்த நாட்டிலும் ஒரு பூக்காரம்மாவும் ஒரு சிமென்ட் ஆலையும் ஒரே குழாய் வழியாக இத்தனை எளிதாகப் பணம் வாங்குவதாக நான் அறியவில்லை. அதை உருவாக்கியவர்களுக்கு என் மரியாதை எப்போதும் உண்டு. என் வழக்கு 2020 ஜனவரி 1ஆம் தேதியிலிருந்து தொடங்குகிறது. அன்றுமுதல் யுபிஐக்கும் ரூபே டெபிட் அட்டைக்கும் வணிகரிடம் பிடிக்கும் எம்டிஆர் கட்டணம் பூஜ்யம் ஆனது.

விலை பூஜ்யம் ஆனதால் செலவு பூஜ்யம் ஆகிவிடவில்லை. ரிசர்வ் வங்கியே 2022 ஆகஸ்டில் வெளியிட்ட விவாதக் குறிப்பில், கடைக்காரருக்குச் செலுத்தப்படும் 800 ரூபாய்ப் பரிவர்த்தனை ஒன்றுக்கு, அதில் பங்கேற்கும் எல்லோருக்கும் சேர்த்து ஏறத்தாழ 2 ரூபாய் செலவாகிறது என்று கணக்குச் சொன்னது. சர்வர், குறுஞ்செய்தி, மோசடிக் கண்காணிப்பு, புகார் விசாரணை, தோல்வியடைந்த பணத்தைத் திருப்பி அனுப்புவது என்று எல்லாம் சேர்ந்த தொகை அது. அந்த 2 ரூபாயை யாரோ ஒருவர் தன் கையிலிருந்து போட்டுக்கொண்டிருக்கிறார். கோடைக்குத் தண்ணீர்ப் பந்தல் வைக்கலாம், அதற்கு ஒரு செல்வந்தர் வேண்டும். கூலிக்காரர் ஆண்டு முழுவதும் பந்தல் நடத்த முடியாது. யுபிஐயிலும் அதுதான் நடந்தது. வால்மார்ட்டின் கைவசம் இருக்கும் ஃபோன்பே, கூகுளின் கூகுள் பே இரண்டும் சேர்ந்து பரிவர்த்தனைகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை வைத்திருக்கின்றன. எந்தச் செயலியும் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று 2020 நவம்பரில் யுபிஐயை நடத்தும் என்பிசிஐ அறிவித்தது. கெடு 2022 இறுதியிலிருந்து 2024 இறுதிக்குப் போனது, அங்கிருந்து 2026 இறுதிக்குப் போயிருக்கிறது. இலவசமாகத் தருவதற்கு வசதி உள்ளவர்கள் இருவர்தான் என்கிறபோது, மூன்றாமவருக்கு இடம் ஒதுக்கிவைத்து என்ன பயன்?

இதைவிட எனக்கு உறுத்துகிற விஷயம் வேறு. ரூபே கிரெடிட் அட்டையை யுபிஐயில் இணைக்கும் வசதி 2022இல் வந்தது. வங்கி முன்கூட்டியே அனுமதித்த கடன் வரம்பையும் இணைக்கலாம் என்று 2023இல் சொன்னீர்கள். சிறு கடைகளில் 2,000 ரூபாய் வரையிலான கிரெடிட் அட்டைப் பரிவர்த்தனைக்குக் கட்டணம் கிடையாது, அதற்கு மேல் போனால் உண்டு. ஒரு குடும்பத் தலைவி சிறுகச் சிறுகச் சேர்த்த 5,000 ரூபாயில் யுபிஐ வழியாக மிக்ஸி வாங்கினால், அந்தப் பணத்தைப் பத்திரமாகக் கொண்டுசேர்த்த யாருக்கும் ஒரு காசும் இல்லை. அதே மிக்ஸியை, அதே கடையில், அதே க்யூஆர் அட்டையில் கிரெடிட் அட்டைக் கடனாக வாங்கினால் வங்கிக்கும் செயலிக்கும் பங்கு கிடைக்கிறது. சொந்தப் பணத்துக்குக் கூலி இல்லை, கடன் பணத்துக்குக் கூலி உண்டு. இப்படி ஒரு விதியை வைத்துக்கொண்டு, ஃபின்டெக்காரர்கள் எல்லோரும் ஏன் மக்களைக் கடன் பக்கம் தள்ளுகிறார்கள் என்று கேட்பது எனக்கு விளங்கவில்லை.

கடன் கொடுக்காமல் பரிவர்த்தனையை மட்டும் நம்பிப் பிழைக்க முடியுமா என்பதை நீங்கள் ஏற்கெனவே சோதித்துப் பார்த்திருக்கிறீர்கள். 2015 ஆகஸ்டில் பேமென்ட்ஸ் பேங்க் தொடங்க 11 பேருக்குக் கொள்கையளவில் ஒப்புதல் கொடுத்தீர்கள். குறைந்தபட்ச மூலதனம் 100 கோடி ரூபாய். டெபாசிட் வாங்கலாம், பணம் அனுப்பலாம், கடன் கொடுக்கக் கூடாது. அந்த 11 பேரில் சென்னையின் சோழமண்டலம் நிறுவனமும் இருந்தது. 2016இல் ஒப்புதலைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. டெக் மகிந்திராவும் சன் பார்மாவின் நிறுவனரும் விலகினார்கள். ஆதித்ய பிர்லா ஐடியா 2018இல் தொடங்கி 2019இல் மூடுவதாக அறிவித்தது. கென்யாவில் கொடிகட்டிப் பறந்த கைப்பேசிப் பணச் சேவையான எம்-பெசாவை வோடஃபோன் 2013இல் இங்கே கொண்டுவந்தது; அதுவும் 2019இல் முடிந்தது. மிஞ்சியவற்றில் ஒன்றான ஃபினோ, கடன் கொடுக்கும் உரிமை உள்ள சிறு நிதி வங்கியாக மாற விண்ணப்பித்தது. நூறு கோடி உள்ளவர்களுக்கே இந்தக் கதி என்றால் கீழமாசி வீதியில் இருப்பவன் என்ன செய்வான்?

கடன் பக்கம் போவான். போகச் சொல்லித்தான் எல்லோரும் சொல்கிறார்கள். பெங்களூரில் முதலீட்டாளர்களைச் சந்திக்கப் போனால், கணக்குப் பொருத்தும் மென்பொருளைப் பத்து நிமிடம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி, இந்த வியாபாரிகளுக்கு எப்போது கடன் கொடுக்கத் தொடங்குவீர்கள்?” என்பார்கள். இணைந்து வேலை செய்யலாம் என்று அழைத்த தனியார் வங்கி ஒன்றின் அதிகாரி இன்னும் வெளிப்படையாகப் பேசினார். வெறும் பரிவர்த்தனை என்றால் தன் மேலாளர் கோப்பைத் திறக்கக்கூட மாட்டார், மாதம் இத்தனை கோடி கடன் என்று எழுதிக் கொடுங்கள், மறுவாரமே ஒப்பந்தம் என்றார். அவரும் தன் இலக்கைச் சொன்னார், அவ்வளவுதான். எங்களிடம் இருப்பது வியாபாரிகளின் அன்றாட வரவுக் கணக்கு. ஒருவருக்கு எந்த மாதம் கை வறளும், எந்த வாரம் யாரிடம் கைநீட்டுவார் என்று எங்களால் முன்கூட்டியே சொல்ல முடியும். கடன் விற்கிறவனுக்கு இதைவிடப் புதையல் வேறு கிடையாது. அந்தத் தகவலை வியாபாரி எங்களிடம் கொடுத்தது பாக்கி வசூலிக்க, பாக்கிக்காரராக மாற அல்ல.

தமிழ்நாட்டுக்குத் தினவசூல் கடன் புதிதல்ல. சென்னைப் பக்கம் தண்டல் என்பார்கள். 10,000 ரூபாய்க் கடன் என்று பேசி, 1,500 ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொண்டு 8,500 ரூபாயைக் கையில் கொடுப்பார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். பார்ப்பதற்கு 15 விழுக்காடு மாதிரி இருக்கும். கட்டக் கட்ட அசல் குறைந்துகொண்டே வருவதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஆண்டுக்குச் சுமார் 120 விழுக்காடு வட்டி. 2003இல் தமிழக அரசு கந்துவட்டிக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தது, தண்டல் நிற்கவில்லை; காலையில் காய்கறி எடுக்கக் காசு வேண்டுமே. இப்போது இட்லிக் கடையின் சவுண்ட்பாக்ஸ், “பத்து ரூபாய் பெறப்பட்டது” என்று சொல்கிற அதே நேரத்தில், செயலியில் ‘உங்களுக்கு ஒப்புதல் பெற்ற கடன் தயார்’ என்று ஒரு பச்சைப் பொத்தான் மின்னுகிறது. அமுக்கினால் பணம் வந்துவிடும். தினமும் ஒரு தொகை தானாகப் பிடிக்கப்படும்.

நியாயமாகச் சொன்னால் செயலியின் வட்டி தண்டல் வட்டியைவிடக் குறைவு. உருட்டி மிரட்ட ஆள் வருவதும் குறைவு. அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் தண்டல்காரரிடம் “இன்று மழை, கடை போடவில்லை, நாளைக்குச் சேர்த்துத் தருகிறேன் அண்ணே” என்று சொல்லலாம். முறைப்பார், பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார். செயலிக்கு மழை தெரியாது. கணக்கில் பணம் இல்லை என்றால் ஒரு அபராதம், வங்கி தன் பங்குக்கு இன்னொரு கட்டணம், அதற்குமேல் கடன் தரக் குறியீட்டில் ஒரு கரும்புள்ளி. நான் பார்த்த ஒரு சிற்றுண்டிக் கடைக்காரரின் கடன் ஒப்பந்தம் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. ஆண்டுக்கு மொத்தச் செலவு எவ்வளவு விழுக்காடு என்பது உள்ளே ஒரு கட்டத்தில் சரியாகவே அச்சிடப்பட்டிருந்தது. அவருக்குத் தெரிந்தது தினம் எவ்வளவு போகும் என்பது மட்டும்தான். கடன் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் முக்கிய விவரத் தாள் இருக்க வேண்டும் என்று 2024 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டது. அக்டோபர் முதல் அது நடைமுறைக்கு வந்தது. செயலியைத் தமிழுக்கு மாற்றிவைத்திருந்தால் பச்சைப் பொத்தான் தமிழில் இருக்கிறது, ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருக்கிறது. விற்பதற்குத் தமிழ் வருகிறவர்களுக்கு விளக்குவதற்கு மட்டும் வரவில்லை.

கடன் விஷயத்தில் ரிசர்வ் வங்கி கண்ணை மூடிக்கொண்டிருந்தது என்று சொல்ல மாட்டேன். கொரோனா காலத்தில் ஏழு நாள் கடன் செயலிகள் கைப்பேசியில் உள்ள தொடர்பு எண்களையெல்லாம் உருவிக்கொண்டு, உறவினர்களுக்குப் போன் போட்டு மானத்தை வாங்கின. உயிர்களும் போயின. 2021 ஜனவரியில் பணிக்குழு அமைத்தீர்கள், 2022 செப்டம்பரில் விதிகள் வந்தன. கடன் தொகை நேராக வாங்கியவரின் கணக்குக்குத்தான் போக வேண்டும், தொடர்பு எண்களைத் தொடக் கூடாது, மனம் மாறினால் திருப்பிக் கொடுக்க அவகாசம் வேண்டும். எல்லாம் நல்ல விதிகள். நான் சொல்வது அதற்கு முந்திய கட்டத்தை. எல்லோரும் அந்தக் கிணற்றடிக்கே ஏன் வந்து கூடுகிறார்கள் என்பதைப் பார்க்காமல் கிணற்றுக்குச் சுவர் மட்டும் எழுப்பிக்கொண்டே போனால் எத்தனை அடிக்கு எழுப்புவீர்கள்?

இனி உரிமம். இங்கேதான் ரிசர்வ் வங்கியோடு எனக்குப் பெரிய வழக்கு இருக்கிறது.

2019இல் புதிய முயற்சிகளைச் சோதித்துப் பார்க்க ‘சாண்ட்பாக்ஸ்’ ஒன்றைத் தொடங்கினீர்கள். உள்ளே வர 25 லட்சம் ரூபாய் நிகர மதிப்பு வேண்டும் என்றிருந்ததை 2020 டிசம்பரில் 10 லட்சமாகக் குறைத்தீர்கள். அருமையான முடிவு. ஆனால் சோதனையில் தேறி வெளியே வந்தபிறகு என்ன? வியாபாரிகளுக்காகப் பணத்தைத் திரட்டிக் கொடுக்கும் பேமென்ட் அக்ரிகேட்டர் ஆக விண்ணப்பிக்கும்போதே 15 கோடி வேண்டும், மூன்றாம் நிதியாண்டு முடிவதற்குள் 25 கோடி. இணையப் பரிவர்த்தனைக்கு மட்டும் இருந்த இந்த விதியை 2025 செப்டம்பரில் கடையில் நேருக்கு நேர் நடக்கும் பரிவர்த்தனைகளைத் திரட்டுகிறவர்களுக்கும் நீட்டித்தீர்கள். வாலட் நடத்த 5 கோடி, பிறகு 15 கோடி. புதிதாக வங்கி சாரா நிதி நிறுவனம் தொடங்க 10 கோடி. 10 லட்சத்துக்கும் 15 கோடிக்கும் நடுவில் படிக்கட்டே இல்லை. மதுரையிலோ சேலத்திலோ சொந்தச் சேமிப்பையும் மாமனார் கொடுத்த பணத்தையும் போட்டுத் தொடங்குகிறவர் அந்த இடைவெளியைத் தாண்ட வேண்டுமானால் பெரிய முதலீட்டாளர் வேண்டும். முதலீட்டாளர் வந்தால் கடன் விற்கச் சொல்வார். சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கிறோம்.

உரிமம் இல்லாதவருக்கு மிஞ்சுவது வேறொரு நிதி நிறுவனத்தின் பெயருக்குக் கீழே கடன் சேவை வழங்குநராக ஒதுங்குவது. 2023 ஜூன் விதிப்படி, கடன் வாராமல் போனால் ஈடுகட்ட, மொத்தக் கடனில் அதிகபட்சம் 5 விழுக்காடு வரை அவர் உத்தரவாதம் கொடுக்கலாம். அதாவது ஒரு கோடி ரூபாய்க் கடனுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கட்டிவைக்க வேண்டியிருக்கும். 15 கோடி திரட்ட முடியாதவரால் 5 லட்சம் திரட்ட முடியும். ஆக, அடுத்தவர் பணத்தைப் பத்திரமாகக் கொண்டுசேர்க்கிற வேலைக்கு வாசற்படி உயரமாகவும், அடுத்தவரைக் கடனாளியாக்கும் வேலைக்கு வாசற்படி தாழ்வாகவும் இருக்கிறது. நீங்கள் வேண்டுமென்று இப்படிச் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். இரண்டு விதிகளையும் வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு மேசைகளில் எழுதியிருக்கிறீர்கள்.

மூலதனம் குறைந்தால் ஏமாற்றுக்காரர்கள் உள்ளே வருவார்கள் என்பீர்கள். தமிழ்நாட்டுக்காரனுக்கு அதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சீட்டுக் கம்பெனியும் நிதி கம்பெனியும் ஓடிப்போன கதை இல்லாத தெரு இங்கே குறைவு. அவற்றை வைத்தே என் வாதத்தைச் சொல்கிறேன். கம்பெனி விவகார அமைச்சகத்தின் விதிகளின்படி ‘நிதி’ நிறுவனம் ஒன்றுக்கு 200 உறுப்பினர்களும் 20 லட்சம் ரூபாய் நிகரச் சொந்த நிதியும் இருந்தால் போதும். உறுப்பினர்களிடம் டெபாசிட் வாங்கலாம், நகைக்குக் கடன் கொடுக்கலாம். அந்தப் பணம் பெரும்பாலும் அவர்கள் கைவசமே இருக்கும். பேமென்ட் அக்ரிகேட்டர் கையில் பணம் தங்குவதே இல்லை. உங்கள் விதிப்படி அது வணிக வங்கியின் எஸ்க்ரோ கணக்கில், அதாவது வேறு எதற்கும் எடுக்க முடியாத தனிக் கணக்கில் இருக்கிறது, குறித்த நாளில் வியாபாரிக்குப் போய்ச் சேர வேண்டும். வியாபாரியின் பணத்தைக் காப்பாற்றுவது அந்த எஸ்க்ரோ கணக்குதான். 15 கோடி மூலதனம் அதற்குமேல் எதைக் காப்பாற்றுகிறது? பெரிய மூலதனம் ஒழுக்கத்துக்கு உத்தரவாதம் என்றால், பேடிஎம் பேமென்ட்ஸ் பேங்க் மீது 2024 ஜனவரி 31 அன்று நீங்கள் அத்தனை கடுமையான உத்தரவைப் பிறப்பிக்க வேண்டிய அவசியமே வந்திருக்காது.

கென்யாவைப் பாருங்கள். 2007 மார்ச்சில் சஃபாரிகாம் எம்-பெசாவைத் தொடங்கியபோது அங்கே அதற்கான சட்டமே இல்லை. மத்திய வங்கி ஆட்சேபணை இல்லை என்று ஒரு கடிதம் கொடுத்தது. மக்களின் பணம் முழுவதும் வணிக வங்கியில் அறக்கட்டளைக் கணக்கில் இருக்க வேண்டும், அதைத் தொலைபேசி நிறுவனம் தொடக் கூடாது என்பது முக்கியமான ஏற்பாடு. தேசியப் பணப்பரிவர்த்தனைச் சட்டம் 2011இல்தான் வந்தது. நுண்கடன் தவணை கட்டுவதற்காகச் சோதனை செய்த அமைப்பை மக்கள் ஊருக்குப் பணம் அனுப்பப் பயன்படுத்திக்கொண்டார்கள். ஒவ்வொரு அனுப்புதலுக்கும் சிறு கட்டணம் இருந்தது. பெட்டிக்கடை முகவர்கள் அந்தக் கமிஷனில் பிழைத்தார்கள். எம்-ஷ்வாரி என்ற கடன் சேவை ஐந்து ஆண்டுகள் கழித்து, 2012இல்தான் சேர்ந்தது. கென்யாவைப் புனிதமாக்கவும் நான் விரும்பவில்லை. ஒரே நிறுவனம் சந்தையை விழுங்கியது, கட்டணம் அதிகம் என்ற முணுமுணுப்பு அங்கே ஓய்ந்தபாடில்லை, கடன் செயலிகளின் அட்டகாசம் தாங்காமல் 2022இல் அவர்களும் தனி விதிகள் போட்டார்கள். நான் எடுத்துக்கொள்வது முதல் அத்தியாயத்தை மட்டும்: பணம் பத்திரமான கணக்கில் இருக்கட்டும், ஆள் சிறியவராக இருந்தாலும் பரவாயில்லை.

விலைக்கு என்ன வழி என்றால் பிரேசில் பக்கம் போக வேண்டும். அந்த நாட்டின் மத்திய வங்கி 2020 நவம்பரில் பிக்ஸ் என்ற உடனடிப் பரிவர்த்தனை அமைப்பைத் தொடங்கியது. தனிநபருக்கு இலவசம். வணிக நிறுவனங்களிடம் வங்கிகள் கட்டணம் வாங்கலாம். வணிகரிடம் கட்டணமா என்று அங்கே யாரும் தெருவில் இறங்கியதாக நான் அறியவில்லை.

இங்கே கட்டணம் என்று சொன்னாலே சிறு வியாபாரிகள் ரொக்கத்துக்குத் திரும்பிவிடுவார்கள் என்ற பயம் உங்களுக்கு இருக்கிறது. பயம் பொய்யில்லை. 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை யுபிஐ வரவை வைத்து ஜிஎஸ்டி நோட்டீஸ் அனுப்பியபோது, பெங்களூர்க் கடைகளில் க்யூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு ‘ரொக்கம் மட்டும்’ என்று எழுதி ஒட்டினார்கள். ஆகவே சிறியவர்களைத் தொட வேண்டாம். சரக்கு விற்பவருக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயமாகும் 40 லட்சம் ரூபாய் ஆண்டு விற்பனையையே எல்லையாக வையுங்கள். அதற்குக் கீழே பூஜ்யமே தொடரட்டும். அதற்கு மேலே கட்டணம் வையுங்கள். பெரிய வணிகர்களிடம் 0.3 விழுக்காடு என்று பேமென்ட் நிறுவனங்களின் அமைப்பு 2025 மார்ச்சில் கேட்டது. எனக்கு விழுக்காட்டிலேயே உடன்பாடு இல்லை. நூறு ரூபாயை அனுப்பவும் ஒரு லட்சத்தை அனுப்பவும் சர்வருக்கு ஏறக்குறைய ஒரே வேலைதான். பரிவர்த்தனைக்கு இத்தனை காசு என்று வையுங்கள். கீழமாசி வீதி வியாபாரி ஒரு மூட்டைக்கு ஏற்றுகூலி, இறக்குகூலி, மகமை என்று காசு காசாகக் கணக்குப் பார்த்துப் பழகியவர். எதற்கு என்று தெரிந்தால் கொடுப்பார்.

2025 ஜூனில், யுபிஐக்குக் கட்டணம் என்ற பேச்சே அடிப்படையற்றது என்று அமைச்சகம் அறிக்கை விட்டது. பதிலாக ஊக்கத்தொகை கொடுக்கிறோம் என்பீர்கள். 2024-25 நிதியாண்டுக்கு 1,500 கோடி ரூபாய், சிறு வணிகர்களுக்கு 2,000 ரூபாய் வரையிலான பரிவர்த்தனைக்கு 0.15 விழுக்காடு. அந்த ஆண்டில் நடந்த யுபிஐ பரிவர்த்தனைகள் 18,500 கோடிக்கும் மேல். தனிநபர்கள் அனுப்பிக்கொண்டதையும் சேர்த்து வகுத்துப் பார்த்தால் ஒன்றுக்குப் பத்துக் காசுகூட வரவில்லை. அமைச்சரவை ஒப்புதல் எப்போது வந்தது? 2025 மார்ச் 19. நிதியாண்டு முடியப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது. தொகையும் முந்தைய ஆண்டில் கொடுத்ததில் பாதிகூட இல்லை. ஆண்டு முடிகிற வேளையில் இந்த வருடத்துக்கு எவ்வளவு வரும் என்று தெரிந்துகொள்கிற தொழிலை எந்தக் கணக்குப்பிள்ளையாலும் நடத்த முடியாது. அந்தப் பணமும் வங்கிகளுக்கும் செயலிகளுக்கும் பங்கிடப்படுகிறதே தவிர, எங்களைப் போலச் சுற்றுவேலை செய்கிறவர்கள் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

ஆகவே என் கோரிக்கைகள். அமைச்சகம், மேலே சொன்ன எல்லைக்கு மேற்பட்ட வணிகர்களுக்குக் காசுக் கணக்கில் ஒரு கட்டணத்தை அனுமதிக்க வேண்டும். சேமிப்பிலிருந்து செலுத்தினாலும் கடனிலிருந்து செலுத்தினாலும் கொண்டுசேர்க்கும் கூலி ஒன்றாக இருக்க வேண்டும். ரிசர்வ் வங்கி, மூலதனத்தைப் பார்த்து அனுமதிப்பதற்குப் பதிலாகப் புழங்கும் தொகையைப் பார்த்துப் படிப்படியாக உரிமம் தர வேண்டும். மாதம் சில கோடி மட்டும் கடக்கும், பணம் எப்போதும் எஸ்க்ரோ கணக்கில் இருக்கும், கணக்குத் தணிக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் என்றால் ஒரு கோடி ரூபாய் நிகர மதிப்புள்ளவரை உள்ளே விடுங்கள். தொகை வளர வளர மூலதனமும் வளரட்டும். எல்லையைத் தாண்டினால் உடனே நிறுத்துங்கள், அதில் இரக்கம் வேண்டாம். தினத்தவணைக் கடனுக்கு, ஒப்பந்தத்தின் எந்தப் பக்கத்திலோ இல்லாமல் பச்சைப் பொத்தானுக்கு மேலேயே, அதே எழுத்தளவில், கையில் வருவது எவ்வளவு, மொத்தம் கட்டுவது எவ்வளவு என்று தமிழில் இருக்க வேண்டும். மாதத்தில் ஓரிரு நாள் ‘இன்று கடை இல்லை’ என்று அபராதம் இல்லாமல் தள்ளிவைக்கவும் ஒரு பொத்தான் வேண்டும். அதைச் செய்ய எங்கள் அலுவலகப் பையனுக்கு ஒரு வாரம் போதும். பெரிய நிறுவனங்களுக்கு அது கடினம் என்று சொன்னால் நம்பாதீர்கள்.

மாநில அரசு 2021இல் ஃபின்டெக் கொள்கை வெளியிட்டு, நந்தம்பாக்கத்தில் ஃபின்டெக் நகரமும் அமைக்கிறது. கட்டடம் எழும்பட்டும். ஆனால் அங்கே வாடகை கொடுக்கப் போகிறவர்கள் யார் என்பது உங்கள் இரு அலுவலகங்களில்தான் முடிவாகிறது.

எதை முதலில் செய்வது என்று கேட்டால் உரிமத்தையே கேட்பேன். கட்டணத்துக்கு அரசியல் துணிவு வேண்டும், தேர்தல் நெருங்கும் ஆண்டுகளில் அது நகராது. படிநிலை உரிமத்துக்கு மும்பையிலிருந்து ஒரு சுற்றறிக்கை போதும். வரைவு வெளியிட்டுக் கருத்துக் கேட்கும்போது, எங்களைப் போன்ற நிறுவனங்களின் பெயரில் ஒரு இருக்கையாவது ஒதுக்குங்கள். விமானச் சீட்டை நாங்களே எடுத்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு சிறு ஃபின்டெக் நிறுவனர்